மாமனாரை ஜெயிக்க வைத்த லினக்ஸ்

பாகூரில் எங்கள் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸ் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துவிடலாம். இன்று காலை விண்டோஸைத் தூக்கிவிட்டு லினக்ஸ் போட்டேன். சட்டென்று திறந்தது.

மாமனாருக்கு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரே வேலை, தனியாகச் சீட்டு ஆடுவது. லினக்ஸில் இருந்த சீட்டாட்டத்தை ஆடிப் பார்த்தவர் முகம் இறுகி எழுந்து வந்தார்.

"இன்னாமா போட்ட இதுல? நான் ஜெயிச்சுட்டேன்."

"நல்லதுதானே மாமா?"

"இத்தினி வருஷத்துல ஒரு தபா கூட ஜெயிச்சதில்ல. இன்னிக்கு ஆடுனதெல்லாம் ஜெயிக்குது. இதுல இன்னாவோ கோளாறு கீது. பழசையே போட்டுக் குடு."

சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை.

லினக்ஸில் ஆளைக் கண்டிப்பாகத் தோற்கடிக்கிற சீட்டாட்டம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். சோறு ஆறிக்கொண்டிருக்கிறது.