கறுப்பு மண்ணில் வேர் விடாத தேயிலை

எங்கள் குடும்பத்தில் பள்ளியை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். விவசாய டிப்ளோமாவுடன் திரும்பியபோது, அம்மா கொழுந்து பறிக்கும் அதே தோட்டத்து நர்சரியில் வேலை கிடைத்தது. ஆறு மாதத்துக்குள் ஐந்நூறு தேயிலைக் கிளைத் துண்டுகளை வேர்விடச் செய்தால்தான் வேலை நிரந்தரம் என்றார் மேனேஜர்.

கேள்விப்பட்டதும், தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் எங்கள் லயமே கிளம்பிவிட்டது. எங்கள் வீடுகளின் பின்புறம் கீரைப் பாத்திகள் உண்டு. குளிக்க வெந்நீர் போடும் அடுப்பின் சாம்பலை வருடக்கணக்காகக் கொட்டி, அந்த மண் கறுத்துப் பொலபொலவென்று இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்கள் அதை வாளி வாளியாகச் சுமந்து வந்து, சலித்து, நாற்றுப் பைகளில் நிரப்பினார்கள்.

"நம்ம பிள்ள செடிக்கு நம்ம மண்ணு லா!" என்றார் பக்கத்து வீட்டு அத்தை.

இன்று நர்சரிக்கு மண் லாரியில் வருகிறது. அந்த வாளிச் சத்தம் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மண்ணைச் சோதிக்கத் தோன்றவே இல்லை. வேரைத் தூண்டும் ஆக்சின் தூள்தான் கையில் இருக்கிறதே! ஓர் இலையோடு வெட்டிய துண்டுகளை அதில் தொட்டு நட்டேன்.

ஏழாவது வாரம் ஒன்றைப் பிடுங்கினேன். வெட்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு வெள்ளையாக ஒரு புடைப்பு, வேர் இல்லை. தூள் போதவில்லை என்று நினைத்து, வேறு ஐம்பது துண்டுகளுக்கு இரு மடங்கு வலுவான தூளை வைத்தேன். அவை அடி கறுத்து அழுகின.

அத்தை தினமும் எட்டிப் பார்ப்பார். "என்னா பிள்ள, வேரு இன்னும் பஸ் ஏறலியா?"

"தாப்பா டவுன்ல ரோடு ஜாம் அத்தே," என்பேன்.

கடைசியில்தான் மண்ணை நீரில் கரைத்து அமில அளவு பார்த்தேன். ஏழு காட்டியது; இந்த எண் ஏற ஏற அமிலம் குறைவு. தேயிலைக்கு ஐந்தை ஒட்டி இருக்க வேண்டும். அமிலம் குறைந்தால் துண்டு தன் காயத்தை மூடிக்கொண்டே இருக்குமே தவிர, வேர் விடாது. மண்ணின் அமிலத்தைக் குறைத்தது அந்த அடுப்புச் சாம்பல்தான்.

வீட்டில் சொன்னதும் அம்மா முகம் வாடியது. "தூளு மேல பழியப் போட்டுரு. இல்லன்னா மண்ணு சொமந்தவங்க மனசு நோகும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அப்படிச் சொன்னால் மறுபடியும் அதே மண்ணைத்தான் சுமந்து வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டேன்.

"கீரைக்கு இது தங்கமான மண்ணு அத்தே. தேயிலைக்குப் புளிச்ச மண்ணு வேணும். நான் மொதல்லயே சோதிச்சிருக்கணும். தப்பு என்னுது."

அத்தை ஒரு பையைக் கவிழ்த்து மண்ணைப் பார்த்தார்.

"அவ்ளோ படிச்சிட்டு, மண்ணப் பாக்காமத்தான் நட்டியா?"

முதலில் சிரித்தது அம்மாதான்.

"சரி, அந்தப் புளிச்ச மண்ணு எங்க இருக்கு? காட்டு," என்றார் அத்தை.

பாதை வெட்டிய மேட்டில், கீரைகூட முளைக்காத சிவப்பு அடிமண்ணை அன்றே தோண்டினோம். புதிதாகத் துண்டுகள் வெட்டி, பழைய அளவிலேயே தூள் தொட்டு நட்டேன்.

அவற்றை நட்ட பத்தாவது வாரம், பிடுங்கிய ஒன்றில் நூல் போல வெள்ளை வேர்கள். மேனேஜரிடம் போகும் முன், அதை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் மலைக்கு ஓடினேன். அத்தை கூடையை இறக்காமலே வாங்கிப் பார்த்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அடுத்தவரிடம். கைமாறிக் கைமாறி என்னிடம் திரும்புவதற்குள் வேர் வெயிலில் வதங்கிவிட்டது. மேனேஜருக்குக் காட்ட வேறொன்றைப் பிடுங்க வேண்டியதாயிற்று.