சிங்கப்பூர்க்காரர் மனைவி

திருவையாறு பக்கம் ஓர் ஆஸ்பத்திரிக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி பெஞ்சின் நுனியில் நெளிந்தபடி இருந்தாள். கர்ப்பத்தில் வந்த சர்க்கரை. மாமியார் தண்ணீர் பிடிக்கப் போனதும் பக்கத்தில் இருந்த என்னிடம் கிசுகிசுத்தாள்:

"அந்த இடத்துல ஒரே அரிப்புக்கா. உட்கார முடியல."

"சர்க்கரை இருந்தா அங்க பூஞ்சைத் தொற்று சுலபமா வரும்மா. டாக்டர்கிட்ட சொல்லு. விட்டா குழந்தைக்கும் ஆபத்து."

"அவரு சிங்கப்பூர் போயி நாலு மாசமாச்சு. டாக்டர் மருந்து குடுப்பாங்க. அத்தை என்ன பேரு குடுப்பாங்க தெரியுமா?" என்று சிரித்தாள்.

மாமியார் திரும்பியதும் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவு திறந்தே இருந்தது.

"வேற தொந்தரவு உண்டா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கா," என்றார் மாமியார். அவளும் தலையாட்டினாள்.

வாசல் கடையில் மாமியார் வாஞ்சையாய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். பாசத்தாலோ பயத்தாலோ, அவள் அதையும் மறுக்கவில்லை. கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.