மாசிலாமணி மாஸ்டரின் பானை

மாசிலாமணி மாஸ்டர் காலமான செய்தியை என்னிடம் கொண்டுவந்தவன் இசக்கி. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக் கேட்டுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்தபடி வெயிலில் நின்றான். உள்ளே வரவில்லை. வா என்று நான் அவனை ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"வக்கீலம்மா, மாஸ்டர் காலையில போயிட்டாவ. ஒங்ககிட்ட சொல்லச் சொல்லி யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"அடக்கம் எப்போ?"

"நாலு மணிக்கு. இராசபாளையத்துலதான்."

அவ்வளவுதான் பேச்சு. மாஸ்டரோடு நான் பல ஆண்டுகளாகப் பகையாக இருந்தவள். ஊரறிந்த பகை. என் மகனைப் பல நூறு பேர் முன்னிலையில் அவமானப்படுத்தி, அதன் வழியாக அவனை என்னிடமிருந்து பிரித்தவர் என்று அவரைப் பற்றி நான் சொல்லாத இடமில்லை. அது சரிதானா என்ற கேள்வியோடுதான் இதை எழுதுகிறேன். அவரோடு ஆடிய ஐந்து அணிகளின் பழைய ஆட்டக்காரர்கள் இதைப் படிப்பீர்கள். நான் தவறாக எழுதினால் திருத்துங்கள். திருத்தப்படுவது எனக்குப் பிடிக்காது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

நம் கால்பந்துக் கேடயப் போட்டி தொடங்கிய நாட்களில், வக்கீலாக இருந்த என் கணவர் அதன் காரியதரிசி. கமிட்டியின் கடிதங்களை எல்லாம் நான்தான் எழுதினேன். அவருடைய ஆங்கிலம் கோர்ட்டுக்குப் போதும், கடிதத்துக்குப் போதாது. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம், வத்திராயிருப்பு என்று ஐந்து ஊர் அணிகள் இருந்தன. ஊர் அணி என்று பெயரே தவிர ஒவ்வொன்றும் ஒரு தெரு அணி. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று ஆடுவார்கள். வேறு தெருவிலிருந்து ஒருவன் சேர்ந்தால் அவனுடைய தண்ணீர்ப் பானையும் தனியாக வரும். ஓர் அணிக்கு மூன்று பானைகள் மைதான ஓரத்தில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. எனக்கும் படவில்லை. எங்கள் மாதா கோயிலிலேயே யார் எந்தப் பக்கம் முழந்தாளிட வேண்டும் என்று அப்போது இருந்தது.

மாஸ்டர் முதல் யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து திரும்பியவர். இராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தார். அங்கே புதிதாக எழும்பிய மில் ஒன்று, அந்த ஊர் அணியைத் தன் அணியாக்கி, அதைப் பழக்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டது. ஒரு மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்து, நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளை என் கணவர் முன்னால் மேசையில் வைத்தார். அதில் பதினொரு புள்ளிகளும் அவற்றுக்கிடையே ஏராளமான கோடுகளும் இருந்தன.

"ஐயா, இது போன ஞாயித்துக்கெழம ஆட்டம். புள்ளி ஒவ்வொண்ணும் ஒரு ஆளு. யாரு யாருக்குப் பந்து குடுத்தான்னு கோடு போட்டிருக்கேன்."

என் கணவர் ஓரத்தில் இருந்த ஒரு புள்ளியைத் தொட்டார். "இதுக்குக் கோடே இல்லையே மாஸ்டர். ஆளு வரலையா?"

"வந்தான். அம்புட்டு நேரமும் ஓடினான். பஞ்சு மூட்டை சுமக்கானே இசக்கி, அவந்தான். எல்லாப் பயலுவளையும் விட வேகம். பந்துதான் அவங்கிட்ட போகல."

"எதிராளி தடுத்திருப்பான்."

"எதிராளி தடுக்கலைங்கய்யா. எங்க பானை தடுக்குது."

நான் எழுதிக்கொண்டிருந்த கடிதத்திலிருந்து நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்த்தும் சொன்னார். "ஒருத்தன் கையால தண்ணி வாங்கிக் குடிக்காதவன் அவனுக்குப் பந்து குடுக்க மாட்டான்மா. வேணும்னு செய்யதில்ல. காலு போகாது."

அதன் பிறகு அவர் வைத்த சட்டம் உங்களுக்குத் தெரியும். அணிக்கு ஒரே பானை, ஒரே டம்ளர். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒருவன் முறை வைத்து ஊற்ற வேண்டும். ஆட்டத்துக்கு முன்னும் இடைவேளையிலும் மற்றப் பத்துப் பேரும் அவன் கையால் குடிக்க வேண்டும். குடிக்காதவன் ஆட வேண்டியதில்லை.

மில் அணியில் பாதிப் பேர் அந்த வாரமே விலகினார்கள். மிச்சமிருந்தவர்களோடும் புதிதாகச் சேர்த்த கூலிக்காரர்களோடும் அந்த ஆண்டு எல்லா ஆட்டத்திலும் தோற்றார். எங்கள் ஊர் மைதானத்தில், "ஏலே பஞ்சு மூட்ட! உருண்டுகிட்டாவது வாங்கலே!" என்று கூச்சல் போட்டார்கள். அடுத்த ஆண்டு அதே பஞ்சு மூட்டைகள் எங்கள் ஊரை ஆறு கோலில் அடித்தன. இப்போது அவர்கள் முறை. "பால்கோவா தின்ன வயிறு ஓடுமாலே? போய்ப் படுங்க!" என்று பதில் வந்தது. என் கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மற்ற அணிகள் நல்லெண்ணத்தால் மாறவில்லை, தோற்று மாறின. ஓர் ஊர்க்காரர்கள் பெரியவர்கள் கண்ணில் படக் கூடாதென்று பானையை மாட்டுவண்டிக்குப் பின்னால் மறைத்து வைத்துக் குடித்தார்கள். இன்னோர் அணி பானையை மட்டும் ஒன்றாக்கிவிட்டு, எல்லா ஆட்டத்திலும் பெரிய வீட்டுப் பையன் ஒருவனையே ஊற்ற வைத்தது. மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "பக்கத்துப் பலகையப் பாத்து எழுதுன பயலாட்டம் விடையத்தான் எழுதியிருக்கான். வழி தெரியல" என்றார். அந்த அணி அந்த ஆண்டும் தோற்றது. மூன்றே ஆண்டுகளில் ஐந்து அணிகளுக்கும் ஐந்து பானைகள் என்று ஆகிவிட்டது. எத்தனையோ பிரசங்கங்கள் செய்யாததை ஒரு மனிதர் கோல் கணக்கில் செய்து காட்டினார் என்று அப்போது நானே கமிட்டி அறிக்கையில் எழுதினேன். அழகான வாக்கியம். மற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி எழுதியது.

என் பிள்ளை சேவியர். ஒரே பிள்ளை. மில் ஆபீசில் வேலை கிடைத்து, தினமும் ரயிலில் இராஜபாளையம் போய் வந்தான். மாஸ்டர் அவனை அணியில் முன்னால் ஆட வைத்தார். அந்த ஆண்டு இறுதி ஆட்டம் எங்கள் ஊரில், எங்கள் ஊர் அணியோடு. முந்தின நாள் சாப்பிடும்போது அவனிடம் கேட்டேன்.

"நாளைக்கு ஊத்துறது யாரு முறை?"

"இசக்கி முறைம்மா."

"இங்க வச்சா?"

"ஆட்டம் இங்கதான? பொறவு எங்க வச்சு ஊத்துவான்?"

அதற்கு முன்னும் இசக்கியின் முறை வந்திருக்கும். என் மகன் குடித்திருப்பான். அது இராஜபாளையத்தில், எனக்குத் தெரிந்தவர்கள் இல்லாத இடத்தில். இது அப்படியல்ல. மறுநாள் காலை, சின்ன வயதில் நான் கான்வென்டுக்குப் படிக்கப் போனபோது என் தகப்பனார் வாங்கித் தந்த பித்தளைக் கூஜாவை எடுத்துத் தண்ணீர் நிரப்பி, மூடியை இறுகத் திருகி அவன் கையில் கொடுத்தேன். வெளித் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். "வேண்டாம்மா" என்றான். நான் கையை நீட்டியபடியே நின்றேன். வாங்கிக்கொண்டான்.

நான் மைதான ஓரத்தில் ஜட்கா வண்டியில் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் மாஸ்டர் ரெப்ரியோடு பேசிக்கொண்டிருந்தார். பையன்கள் பானையைச் சுற்றி நின்றார்கள். சேவியர் என் வண்டி இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, தள்ளிப் போய்க் கூஜாவைத் திறந்து குடித்தான். முதல் பாதி கோல் இல்லாமல் முடிந்தது. இடைவேளையில் மாஸ்டர் அவன் தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். பிறகு பானைக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்துவிட்டார். ஒருவனை உட்கார்த்தினால் பதிலுக்கு இன்னொருவனை இறக்கும் வழக்கம் அப்போது கிடையாது. மில் அணி பத்துப் பேராக ஆடி ஒரு கோலில் தோற்றது. கூட்டத்திலிருந்து எங்கள் தெருப் பையனே ஒருவன், "ஏலே கூஜா! வீட்டுத் தண்ணி தீந்துபோச்சோ?" என்று கத்தினான். அதுவே என் மகனுக்குப் பெயராகிவிட்டது.

மறுநாள் காலை நான் கமிட்டிக்கு ஒரு முறையீடு எழுதினேன். மாஸ்டர் ஆட்டத்தின் கண்ணியத்தைக் கெடுத்தார் என்று தொடங்கும் கடிதம். அதில் ஒரு பிழை கிடையாது. என் கணவர் இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்துப் போடுதேன். நீ எழுதுனதுலயே நல்லா எழுதுனது இதுதான். நீ செஞ்சதுலயே நல்லா இல்லாததும் இதுதான்" என்றார்.

மாஸ்டரை ஓராண்டு விலக்கி வைத்தார்கள். கேடயம் போன கோபத்தில் இருந்த மில் மேனேஜர், தெலுங்கில் நாலு வார்த்தை சொல்லி அவரை அனுப்பிவிட்டார். அவர் பழைய பள்ளிக்கூடத்துக்கே டிரில் சொல்லிக்கொடுக்கப் போனார். ஆனால் ஐந்து பானைகளும் அப்படியே இருந்தன. அதை எந்தக் கடிதத்தாலும் எடுக்க முடியவில்லை.

சேவியர் பிறகு ஆடவில்லை. ஒரு தரம் மட்டும், நான் மாஸ்டரை ஏசிக்கொண்டிருந்தபோது, "என்னை உக்கார வச்சது மாஸ்டர் இல்லம்மா" என்றான். வாத்தியாருக்குப் பரிந்து பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது யுத்தம் தொடங்கியதும் மதுரைக்குப் போய்ப் பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் எங்களிடம் சொன்னான். பர்மாவில் இறந்தான். எப்படி என்று தந்தியில் இல்லை. என் கணவர் அதற்கு முந்தின ஆண்டே போய்விட்டதால், அந்தத் தந்தியை நான் தனியாகப் படித்தேன்.

அந்த வாரம் மாஸ்டர் வந்தார். சித்திரை வெயிலில் இராஜபாளையத்திலிருந்து நடந்து வந்திருந்தார். வாசற்படியில் நின்று தொப்பியைக் கழற்றினார். நான் உள்ளே போய் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன். துக்க வீட்டில் வந்தவரைத் தாகத்தோடு நிறுத்தக் கூடாது என்ற அளவுக்கு எனக்கு நாகரிகம் இருந்தது.

அவர் வாங்கவில்லை. "இசக்கியும் வந்திருக்கான்மா. கேட்டுக்கு அங்கிட்டு நிக்கான். அவனுக்கும் இதே டம்ளர்ல குடுங்க. ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் போறோம்."

"இன்னைக்குமா மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"இன்னைக்குத்தாம்மா."

நான் டம்ளரோடு உள்ளே திரும்பிப் போனேன். வெளியே வந்தபோது அவர்கள் இல்லை. அத்தனை தூரம் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் திரும்பி நடந்திருப்பார்கள். நான் அதற்கு வருந்தவில்லை. அன்றைக்கு வருந்தவில்லை என்று எழுதுவதுதான் நேர்மை.

அடக்கத்துக்கு நான் போனேன். உங்களில் பலர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டீர்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடிந்ததும், மதிலோரம் வைத்திருந்த பானையை நோக்கி யாரும் சொல்லாமலே எல்லாரும் வரிசையில் நின்றார்கள். வக்கீல், பேருந்து டிரைவர், பால்கோவாக் கடைக்காரர், போலீஸ்காரர். தலை நரைத்த ஐந்து அணிகள். இசக்கி ஊற்றிக்கொண்டிருந்தான். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அவன் கை நின்றது.

"வக்கீலம்மா, ஒங்களுக்கு வண்டியில தண்ணி இருக்கும்லா?"

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான்.

"இல்லை. ஊத்து."

குடித்தேன். வெதுவெதுப்பாக, மண் வாசனையோடு இருந்தது. வெறும் தண்ணீர்தான். வேறொன்றும் இல்லை. இதற்காகவா என்று நினைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். "மாஸ்டர் நோட்டுல இருந்துச்சு. ஒங்களுக்குக் குடுக்கச் சொல்லி அவிய சொல்லல. நானாத்தான் எடுத்தேன்."

பதினொரு புள்ளிகள். நிறையக் கோடுகள். இந்தத் தடவை ஓரத்துப் புள்ளிக்குக் கோடுகள் இருந்தன. முன்னால், நடுவில் இருந்த ஒரு புள்ளிக்கு ஒன்றுகூட இல்லை.

"சேவியரு ஆடுன கடைசி ஆட்டம்மா. மொதப் பாதி" என்றான் இசக்கி. "நாங்க வெளிய வந்ததும் மாஸ்டர் இந்தத் தாளத்தான் பாத்துக்கிட்டு நின்னாவ. கூஜாவ அவிய பாக்கவே இல்ல. சேவியரக் கூப்பிட்டு, 'இன்னைக்கு எங்கலே தண்ணி குடிச்ச?'ன்னு கேட்டாவ. 'பத்துப் பேரு ஒனக்குப் பந்து குடுக்கல, அதுக்குள்ள நிக்காத, செத்த நேரம் எம்பக்கத்துல உக்காரு'ன்னாவ."

"யாரு பந்து குடுக்கல?"

அவன் மண்ணைப் பார்த்தான். "நாங்கதாம்மா. நானும் குடுக்கல. வேணும்னு செய்யல. காலு போகல."

மாஸ்டருடையது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். அந்த முதல் பாதி முழுவதும் நான் ஜட்காவில் உட்கார்ந்து, என் மகன் எவ்வளவு அழகாக ஓடுகிறான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பந்து அவனிடம் ஒரு தரமும் வரவில்லை என்பதைப் பார்த்தவர் அவர்.