மழைப் பட்டியலும் ‘என்ன கொழம்பு’ம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தால் முதலில் மழை ஆடும். அப்புறம் மூடுபனி, ஆலங்கட்டி, சூறைக்காற்று. காந்த வில்லையில் தொங்கும் காகிதம் அது. இந்த ஜெர்மன் ஊரில் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் கயலுக்கு வாரம் ஒரு தலைப்பில் சொற்பட்டியல் வரும். இந்த வாரம் ‘வெட்டர்’, வானிலை. டோய்ச், அதாவது ஜெர்மன் மொழிச் சொல்லுக்குப் பக்கத்தில் வீட்டு மொழிச் சொல்லையும் எழுதி, கண்ணில் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு. நான் விடுவேனா? தமிழுக்கென்று தனிப் பட்டியல்கள் போட்டேன். காய்கறி, பறவை, உறவு, உடல் உறுப்பு என்று அடுப்படியிலிருந்து குளியலறை வரை ஒட்டினேன். கயல் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். ஆனால் ஒரு வாக்கியம் வராது. லாரி லாரியாகச் செங்கல் வந்து இறங்குகிறது, ஒரு சுவரும் எழும்பவில்லை.

ஞாயிறுதோறும் திருக்கோகர்ணத்திலிருந்து என் அக்கா கூப்பிடுவாள். ஊரில் கயலுக்கென்று மிஞ்சியிருப்பது அந்த அத்தை ஒருத்திதான். போன மாதம் ஒருநாள் போனை மகளிடம் கொடுத்தேன்.

“ஆத்தா, சாப்டியா? என்ன கொழம்பு?”

கயல் கண்ணை மூடிக்கொண்டாள். “கத்தரிக்காய், முருங்கைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய்…”

“அடியாத்தி. இம்புட்டையுமா ஒரே கொழம்புல போட்டான் ஒங்கப்பன்?”

அக்கா சிரித்த சிரிப்பில் பிரியம்தான் இருந்தது. கயலுக்கு அந்தப் பிரியம் கேட்கவில்லை, கேலிதான் கேட்டது. அடுத்த ஞாயிறு போன் அடித்ததும் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அக்கா சொல்லிவிட்டாள்: “இனிமே புள்ளகிட்ட குடுக்காத தம்பி. அது பயப்புடுது. நான் ஒங்கிட்டயே கேட்டுக்கிறேன்.”

யார்மீது என்று தெரியாத எரிச்சல் அன்றிலிருந்து எனக்கு. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், எங்கள் தெருவில் யாரும் குழம்பைத் தெரிந்துகொள்வதற்காகக் குழம்பைக் கேட்பதில்லை. டவுன் பஸ்ஸில் சீட்டுப் பிடித்துக்கொண்டே கேட்பார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் நின்றும் கேட்பார்கள். நல்லாயிருக்கியா, வீட்டில் சண்டை ஒன்றுமில்லையே, உன்னை மறக்கவில்லை, எல்லாம் அந்தக் கேள்விக்குள் கொதிக்கும். இதை நான் எந்தத் தலைப்பின் கீழ் எழுதி எந்தச் சுவரில் ஒட்டுவது?

வந்த புதிதில் நானும் இப்படித்தான் முழித்தேன். மாடிப்படியில் எதிர்ப்பட்ட கீழ்வீட்டு அம்மாள், “ஷோன் வீடர் ரேகன்” என்று அலுத்துக்கொண்டார். மறுபடியும் மழையாம். பட்டியல் போட்டு டோய்ச் படித்தவன் இல்லையா, “ஆமாம். நாளை மேகமூட்டம். அதற்கு மறுநாள் பனி” என்று வானிலை அறிக்கையே வாசித்துவிட்டேன். அவர் குடையை உதறிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். இந்த ஊரின் ‘என்ன கொழம்பு’ மழைதான் என்று விளங்க எனக்கு வருஷங்கள் பிடித்தன.

பட்டியல் போதவில்லை என்று டீச்சரிடம் முறையிட்டேன். “இன்னும் நீளமானது தரட்டுமா?” என்றார் அக்கறையோடு. தந்தும்விட்டார்.

நேற்று அக்காவின் போன் அடித்தபோது என் இரண்டு கையிலும் சப்பாத்தி மாவு. அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் கயல் எடுத்து, எனக்காக ஸ்பீக்கரில் போட்டாள்.

“தம்பி, என்ன கொழம்பு?”

நான் விரலில் ஒட்டிய மாவை வழித்தேன். கயல் ஜன்னலைப் பார்த்தாள்.

“இங்கிட்டு மழை, அத்தை.”

கீழ்வீட்டு அம்மாளின் அதே அலுப்பு. ‘இங்கிட்டு’ நான் எந்தப் பட்டியலிலும் எழுதாத சொல்.

“மழையா ஆத்தா? இங்கிட்டு வெயிலு பொளக்குது. மழைக்கு ரசந்தான் சரி. ஒங்கப்பன வைக்கச் சொல்லு, மொளகு தூக்கலா.”

“அப்பா, ரசம்” என்றாள் கயல். போனை என்னிடம் நீட்டவில்லை.

கையைக் கழுவிவிட்டு ரசத்துக்குப் புளி கரைத்தேன். வெளியே மழை, உள்ளே மிளகு ஆவி. அடுப்படி ஜன்னல் கண்ணாடியைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். எவ்வளவு துடைத்தாலும் மறுபக்கம் ஈரமாகவே இருந்தது; அங்கே என் துணியும் எட்டவில்லை, என் பட்டியல்களைப் போலவே.