வெந்நீர் அண்ணியும் நல்ல கிருமியும்

என் அண்ணி கிருமியைக் கொன்று சம்பளம் வாங்குகிறவள். பெரிய மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், அறுவை சிகிச்சைக் கத்திகளையும் கத்தரிகளையும் நீராவிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, ஒரு கிருமிகூட மிஞ்சாமல் எடுப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருக்காது. கரண்டி கொதிக்கும், துண்டு கொதிக்கும், விருந்தாளி குடித்த டம்ளர் அவர் வாசலைத் தாண்டுமுன்னே கொதிக்கும். வெந்நீர் அண்ணி என்று நாங்கள் பெயர் வைத்ததில் தப்பே இல்லை.

அண்ணன் பேருந்து ஓட்டுபவன். பெருங்குடலில் அழற்சி. உள்ளே புண், ரத்தம், அவசரம் வந்தால் ஒரு நிமிடம் தாங்காது. கடைசி நிறுத்தத்தில் ஒரு கழிவறை உண்டு. அதற்கு ஒரு பூட்டும் உண்டு. சாவி மேலாளரின் மேசை இழுப்பறையில். ஓட்டுநர்கள் அசிங்கம் பண்ணுகிறார்களாம்! ஒருநாள் அண்ணன் பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஒரு கடைக்குள் ஓடினான். பயணிகள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். ஒருவர் படமும் பிடித்தார்.

"வயித்த சரி பண்ணிட்டு வாங்க. அதுவரைக்கும் வண்டி கழுவுங்க" என்றார் மேலாளர்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இருபது வருடம் ஓட்டியவன் கையில் துடைப்பத்தைக் கொடுத்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

டாக்டர் மாத்திரையை மாற்றினார். கூடவே ஒரு பொடியும் எழுதினார். அண்ணன் அந்தப் பொட்டலத்தை அண்ணியிடம் கொடுத்து, "இது நல்ல கிருமியாம்" என்றான்.

அவள் அதை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தாள். "கிருமியில என்னங்க நல்லது, கெட்டது? நல்ல திருடன்ங்கற மாதிரி இருக்கு!"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்றைக்குமே நல்ல பெயர் கிடையாது. ஆனாலும் டாக்டர் சொல்லை அவள் தட்டவில்லை. தினமும் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, அந்தச் சூட்டிலேயே பொடியைக் கொட்டிக் கலக்கி மூடிவைத்தாள். ஆறியதும் அண்ணன் குடித்தான். சுத்தமாகத்தானே கொடுக்கிறாள் என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தம் கொஞ்சம் குறைந்தது. கழிவறைக்கு ஓடும் ஓட்டம் குறையவில்லை. மறுபடி டாக்டரிடம் போனபோது நானும் போனேன்.

"பொடிய எதுல கலக்கறீங்க?"

"கொதிக்கிற தண்ணியில" என்றாள் அண்ணி, பெருமையாகவே.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். பக்கத்தில் பயிற்சிக்கு நின்ற பெண்ணும் சேர்ந்துகொண்டாள். "அது உயிரோட இருக்கிற பாக்டீரியாம்மா! இத்தனை நாளா பொணத்தைக் குடுத்திருக்கீங்க!" என்றார் டாக்டர்.

அண்ணனின் வேலை போகிறது, இவர்களுக்குச் சிரிப்பு! நான் வாயைத் திறக்குமுன் அண்ணி முந்திக்கொண்டாள்.

"சிரிங்க டாக்டர். சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியான்னு சொன்னீங்க. உசுருள்ளதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? நான் கொல்றதுக்குச் சம்பளம் வாங்கறவ. வளக்கணும்னா சொன்னாத்தானே தெரியும்?"

சிரிப்பு நின்றது. அதன் பிறகுதான் அந்த மனிதர் நின்று நிதானமாகப் பேசினார்.

"தப்புதான்மா, சொல்லியிருக்கணும். உடம்பைக் காக்கிற காவல்காரங்க, எதிரி இல்லாத எடத்துலயும் குடல் சுவரைப் போட்டு அடிக்கிறாங்க. அதுதான் அழற்சி. இந்த பாக்டீரியா அங்க எடம் பிடிச்சு, கெட்டது ஒட்டாம பாத்துக்கும். சுவரு பலப்பட உதவும். காவல்காரங்களையும் 'சும்மா இருங்கடா'ன்னு கொஞ்சம் அடக்கி வைக்கும்."

"அப்ப இதுலயே குணமாயிடுமா?" என்று கேட்டேன்.

"சத்தியம் பண்ண மாட்டேன். சிலருக்குக் கைகொடுக்குது, சிலருக்கு இல்ல. மாத்திரையை மட்டும் விட்றாதீங்க."

அன்றிலிருந்து ஆறின தண்ணீர். கலக்கும்போது அண்ணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள், ஆனாலும் கலக்கினாள். மெல்ல மெல்ல அண்ணன் வயிறு அடங்கியது. மாத்திரையா, பொடியா, இரண்டுமா, யார் கண்டது? எப்போதாவது ஒரு அவசரம் மட்டும் மிச்சமிருந்தது. அந்த மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மேலாளர், "முழுசா சரியாகட்டும், அப்புறம் வண்டி எடுக்கலாம்" என்று கையை விரித்துவிட்டார்.

அண்ணி வேலை உடுப்போடு நேரே டிப்போவுக்குப் போனாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"சார், கண்ணுக்கே தெரியாத கிருமி இவரு வயித்துக்குள்ள போய் சண்டைய வெலக்குது. நீங்க இவ்ளோ பெரிய மனுஷன், ஒரு பூட்டைத் திறக்க மாட்டேங்கறீங்க. நல்ல கிருமின்னு ஒண்ணு இருக்குன்னு நானே நம்பிட்டேன். நல்ல மேலாளர்னு ஒருத்தர் இருக்காருன்னு எப்ப நம்பறது?"

வாசலில் நின்ற ஓட்டுநர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. மேலாளர் இழுப்பறையைத் திறந்து சாவியை மேசைமேல் வீசினார்.

மறுநாள் அண்ணன் வண்டி எடுத்தான், சட்டைப் பையில் அந்தச் சாவியோடு. அதற்கு முன் அது எங்கள் அடுப்பில் நெடுநேரம் கொதித்தது.

"அந்த ஆள் கையில இருந்ததுங்க. இதுல நல்ல கிருமி இருக்காது" என்றாள் அண்ணி.