ஜன்னலுக்குப் பதிலாக ஒரு மேசை

அவள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள்தான். இஸ்திரிப் பெட்டித் தொழிற்சாலையில் வரைபடக்காரி. அவளுக்கும் மற்ற பிரிவுகளுக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. வரைந்ததை அதன் வழியாக நீட்டுவாள். வார்ப்புக்கான இரும்பு அச்சு வெட்டும் மோல்டு பிரிவு, கொள்முதல், பழுதுபார்ப்பு என்று ஒவ்வொருவரும் திட்டித் தீர்த்தபின் சிவப்புக் கோடுகளோடு அது திரும்பி வரும். அந்தப் பக்கத்து முகங்களில் அவளுக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்றுதான்: மோல்டு வெட்டுகிறவனுடையது. அவனைத்தான் கட்டிக்கொண்டாள்.

கல்யாணமான புதிதில் சிவப்புக் கோடுகள் வீட்டுக்கும் வந்தன.

"பேப்பர்ல வளைச்சிட்டே, இரும்புல வளைச்சுக் காட்டேன் பார்ப்போம்."

"உங்க மெஷினுக்கு முரட்டுத்தனம் மட்டும்தான் தெரியும், உங்கள மாதிரியே."

சாப்பாடு ஆறிப்போகும். கடைசியில் இருவரும் ஒப்புக்கொண்டார்கள்: செருப்போடு தொழிற்சாலையையும் வாசலிலேயே கழற்றிவிட வேண்டியது. வீடு அமைதியானது.

புதிய இஸ்திரிப் பெட்டி செய்ய முடிவானபோது மேலாளர் ஜன்னலை மூடினார். "இனி எல்லாரும் ஒரே மேசை. எல்லா வேலையும் ஒரே நேரத்துல. இது நல்லா வந்தா மேசை நிரந்தரம். சொதப்பினா அவங்கவங்க பழைய ரூமுக்குப் போயிடுங்க."

மேசையில் முதலில் பேசியவள் பழுதுபார்க்கிறவள். "கைப்பிடி தாழ்வா இருக்கும்மா. விரலைச் சுட்டுக்கிட்டு எங்கிட்ட வந்து கத்துறாங்க."

இத்தனை வருஷம் இதை யாரும் சொன்னதில்லை. இதற்காகத்தானே படித்தோம் என்று வரைபடக்காரிக்கு நெஞ்சு நிறைந்தது. அங்கேயே கைப்பிடியை உயர்த்தி வரைந்தாள்.

"பார்த்துக்கலாம்மா" என்றார் மோல்டு ஃபோர்மன். ஒரே நேரத்தில் என்றால் வரைபடத்துக்குக் காத்திராமல் உடனே தொடங்குவது என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்; அதை மேசையில் சொல்லவில்லை. பழைய அளவில் இரும்பு வெட்ட ஆரம்பித்தாயிற்று. கொள்முதல்காரரும் அதே அளவில் அட்டைப்பெட்டிக்குச் சொல்லிவிட்டார். ஃபோர்மன் இருக்கும்போது மோல்டு ஆட்கள் வாய் திறப்பதில்லை. அவள் புருஷன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அவன் இழுத்தான். "அந்தக் கைப்பிடி..."

"வாசல்லயே விட்டாச்சு" என்று சிரித்தாள். அன்று அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. அவன் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

வெட்டி முடித்த மோல்டு தள்ளுவண்டியில் வந்தது. அதில் கைப்பிடி பழைய அளவில் தாழ்வாகவே இருந்தது. அட்டைப்பெட்டியும் அதற்கேற்ற குள்ளம்.

"ஒருத்தர்கூட லேட் இல்லை" என்றார் மேலாளர். "அதுதான் கொடுமை. இப்படியே வித்துத் தொலைங்க."

"அப்ப நான் தொடர்ந்து திட்டு வாங்கணும், அவ்வளவுதானே?" என்றாள் பழுதுபார்க்கிறவள். மேசையைக் கேன்டீனுக்குத் தூக்கிப் போனார்கள்.

வீட்டில் அவன் மெதுவாகச் சொன்னான். "அன்னிக்குச் சொல்ல வந்தேன்."

"தெரியும். நான்தான் விடல."

"இனிமே பேசிக்கலாமா?"

"பேசி? எந்த மேசையில போய் வைக்கப்போறோம்?"

மறுநாள் ஜன்னல் திறந்திருந்தது. அவள் நீட்டிய வரைபடத்தை ஒரு கை வாங்கிக்கொண்டது. யாருடைய கை என்று தெரியும். குனிந்து முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.