மலையை இடம் மாற்றிய வேணு

திருவண்ணாமலையில் வேணுவின் எழுத்தைப் படிக்காமல் ஒரு தெருவைத் தாண்டுவது கஷ்டம். ‘அறைகள் வாடகைக்கு’, ‘இங்கே செருப்பு விடவும்’, ‘சுவரில் அசுத்தம் செய்யாதீர்’ எல்லாம் அவர் கை. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். ஆனால் இருபது வருடத்தில் ஒரு எழுத்துப் பிழை விட்டதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

அவர் பையில் பிரஷ்களோடு ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிமும் இருக்கும். யாருடைய முழங்காலோ. அதன் நடுவில் வளைந்த அம்புக்குறி ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார். சுவரில் ஃபிலிமை அழுத்தி, மேலே பெயிண்டை ஒற்றி எடுத்தால் அம்பு அச்சாக விழும். அவர் எழுதும் கிரிவலப் பலகைகளில் எல்லாம் இந்த அம்புதான். மலையை வலமாகச் சுற்ற வேண்டும் என்பதால், அம்பும் கடிகார முள் போகும் பக்கமாகவே வளையும்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு லாட்ஜ் பலகையில் ஃபிலிமைத் திருப்பி வைத்துவிட்டார். சித்தூரிலிருந்து வந்த ஒரு பஸ் கூட்டம் அந்த அம்பை நம்பி, பௌர்ணமியன்று எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டது. எதிரே வந்த ஜனத்தில் மாட்டிக்கொண்டு, ஆளுக்கு ஒரு திசையாகப் பிரிந்து, எல்லோரும் லாட்ஜுக்குத் திரும்பிச் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது. அன்று வாங்கிய திட்டுக்குப் பிறகு ஃபிலிமின் ஒரு பக்கத்தில் சிவப்புப் பொட்டு வைத்தார். பொட்டு தெரியாமல் அதை எந்தச் சுவரிலும் வைப்பதில்லை என்று சாமி மேல் சத்தியமும் செய்தார்.

போன மாதம் வேங்கிக்கால் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் அவருக்கு வேலை வந்தது. மகள் தேவிப்ரியா மூன்றாம் வகுப்பு படிக்கும் பள்ளி. வராந்தாச் சுவரில் மூன்று படங்கள் வேண்டும் என்றார் தலைமை ஆசிரியை கனகமாலா. நீர் சுழற்சி, தவளையின் வாழ்க்கை, பட்டாம்பூச்சியின் வாழ்க்கை. மாதிரிப் படங்களை பிரிண்ட் எடுத்தும் கொடுத்தார்.

ஐந்து நாள் வேலை. படங்களை மாதிரியைப் பார்த்து அப்படியே வரைந்தார். மலை வரைய வேண்டிய இடத்தில் அண்ணாமலையையே வரைந்தார். அதற்கு மட்டும் இரண்டு நாள் பிடித்தது. அம்புகளுக்கு மாதிரியைப் பார்க்கவில்லை. அம்பு போடுவதற்கு அவருக்கு யார் சொல்லித் தர வேண்டும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் சுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தேவிப்ரியா பெருமையாக முன்னால் வந்து, அம்பின் மேல் விரல் வைத்துச் சத்தமாகச் சொன்னாள்.

“முட்டை. அப்புறம் தவளை. அப்புறம் தவளைக்கு வாலு முளைக்குது. அப்புறம் காலெல்லாம் போயி தவளக்குஞ்சு. அப்புறம் அது முட்டைக்குள்ள போயிடுது.”

“ஏய், உங்கப்பா தவளைய ரிவர்ஸ்ல ஓட்டறாருடி!” என்றாள் பின்னாலிருந்த சுருதி.

கனகமாலா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தார். நீர் சுழற்சி இன்னும் மோசம். ஆறு கடலிலிருந்து கிளம்பி மலை ஏறியது. மழை மலையிலிருந்து மேகத்துக்குப் பெய்தது. மாதிரியில் அம்புகள் இடமாக ஓடின, வேணு எல்லாவற்றையும் வலமாகப் போட்டிருந்தார். பட்டாம்பூச்சியின் மாதிரி மட்டும் தற்செயலாக வலமாக இருந்ததால் அது பிழைத்தது.

“இன்னாங்க வேணு இது? திங்கக்கிழமை ஆபீசர் வர்றாரு.”

“வட்டம்னா வலமாதானே டீச்சர்?”

“இது கிரிவலம் இல்லீங்க. உங்க போர்டுல அம்புன்னா ‘இப்படிப் போ’ன்னு அர்த்தம். இங்க அம்புன்னா ‘அப்புறம்’னு அர்த்தம். ஃபிலிமைத் திருப்பிப் போடுங்க, அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிடும்.”

“அது மட்டும் முடியாதுங்க.”

“ஏன்?”

வேணு சித்தூர் பஸ்ஸின் கதையைச் சொன்னார். கனகமாலா சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“உங்க சத்தியத்தை நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா தப்பான பாடத்தை சுவத்துல வெச்சிக்க முடியாது. திங்க காலையில இப்படியே இருந்தா சுண்ணாம்பு அடிச்சிடுவேன்.”

தேவிப்ரியா அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் வகுப்புக்குள் போய்விட்டாள்.

பள்ளி விட்ட பிறகு வேணு டீ டம்ளரோடு சுவருக்கு எதிரே உட்கார்ந்தார். மேலே முட்டை, இடப்பக்கம் தவளைக்குஞ்சு, கீழே வால் தவளை, வலப்பக்கம் தவளை. டீச்சர் சொன்ன மாதிரி ஒவ்வொரு அம்புக்கும் ‘அப்புறம்’ போட்டு வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் டம்ளரைக் கீழே வைத்தார். அம்பு நகர வேண்டாம், தவளை நகர்ந்தால் போதும். தவளையையும் குஞ்சையும் இடம் மாற்றினால் எல்லாம் சரியாக வரும்.

தவளை சனிக்கிழமை மத்தியானத்துக்குள் முடிந்தது. மலைதான் பெரிய வேலை. இடப்பக்கம் இருந்த அண்ணாமலையின் மேல் வெள்ளை அடித்தபோது மட்டும் ஒருமுறை கும்பிட்டுக்கொண்டார். ஞாயிறு சாயங்காலம் மலை வலப்பக்கம் இருந்தது, கடல் இடப்பக்கம், அதில் ஒரு சின்னக் கப்பலும். ஒரு அம்பையும் அவர் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை கனகமாலா வந்து சுவர் முன் நின்றார். வராந்தா ஓரம் சுண்ணாம்பு வாளி தயாராக இருந்தது. விரலால் ஒரு சுற்று சுற்றினார். கடல், அப்புறம் ஆவி, அப்புறம் மேகம், அப்புறம் மலை மேல் மழை, அப்புறம் ஆறு, மறுபடி கடல்.

“மலையையே தூக்கி வெச்சிட்டீங்களே!”

“அம்பைத் திருப்பறதை விட அது சுலபம் டீச்சர்.”

அதிகாரி பதினோரு மணிக்கு வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு சுருதியைக் கூப்பிட்டார்.

“இந்தத் தண்ணி ஆவியா மேல போகுதே, இது எங்கம்மா இருக்கு?”

மலைக்கு இடப்பக்கம் நீல நிறத்தில் கிடந்த தண்ணீரை சுருதி ஒரு நொடி பார்த்தாள். “சமுத்திரம் ஏரி சார்.”

ஊருக்குள் இருக்கும் ஏரியின் பெயரே அதுதான். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, ஏரித் தண்ணியும் ஆவியாத்தான் போகும். தப்பு இல்ல. சுவர் நல்லா இருக்கு மேடம்” என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குள் போனார்.

கனகமாலா சுண்ணாம்பு வாளியைக் காலால் ஓரம் தள்ளினார். வேணு அவர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், ஏரின்னா கப்பல் இருக்கக் கூடாதே. அழிச்சிடட்டுமா?”

“அது கடல்தாங்க. கப்பலை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடுங்க.”